கடனில் மூழ்கியவருக்கு யார் கணக்குப் போட்டுக் கொடுப்பது?

கோவையில் கரும்புக்கடை, உக்கடம், குனியமுத்தூர் பக்கம் காலை நேரத்தில் நடந்து போனால், ஏதாவது ஒரு சந்தில் பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு வீட்டு வாசலில் கூடியிருப்பதைப் பார்க்கலாம். குழுக்கடன் வசூல். ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவர்கள் சேர்ந்து அவள் தவணையைக் கட்ட வேண்டும். அதனால் வராத பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டுவது நிறுவனத்துப் பையன் மட்டுமல்ல, நேற்றுவரை அவளோடு சேர்ந்து நோன்பு திறந்த அடுத்த வீட்டுக்காரியும்தான். அதே சந்துக்கு மாலையில் தண்டல்காரர் வண்டியில் வருவார். ராத்திரி கணவனின் ஃபோனில் கடன் ஆப்பிலிருந்து அழைப்பு வரும். மூன்று கடனும் ஒரே வீட்டில் இருக்கும். பல நேரங்களில் ஒன்றைக் கட்டத்தான் இன்னொன்று வாங்கப்பட்டிருக்கும்.

2025 ஏப்ரல் கடைசியில் தமிழக சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. கடன் வழங்கும் நிறுவனங்கள் மிரட்டி வசூலிப்பதைத் தடுப்பதற்கான சட்டம் அது. துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின் அறிமுகம் செய்தார், ஆளுநரின் ஒப்புதலும் கிடைத்தது. கடன் வாங்கியவரையோ அவர் குடும்பத்தாரையோ பின்தொடர்வது, தடுப்பது, மிரட்டுவது, பொருளைப் பிடுங்குவது எல்லாம் சிறைக்குரிய குற்றம் என்றது. தொல்லை தாங்காமல் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால், அதைத் தற்கொலைக்குத் தூண்டியதாகவே கருதி பாரதிய நியாய சன்ஹிதா 108ஆம் பிரிவில் வழக்குத் தொடர வழி செய்தது. கடன் தகராறுகளைத் தீர்க்கக் குறைதீர்ப்பாளரை நியமிக்கவும் அதில் இடமிருக்கிறது.

வரவேற்க வேண்டிய சட்டம்தான், ஆனால் நமக்கு இது முதல் சட்டமல்ல. 2003இலேயே தமிழகத்தில் அதீத வட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஊர் வழக்கில் சொல்லும் பெயர்களெல்லாம் அதில் குறிப்பிடப்பட்டிருந்தன. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் அமலில் இருந்தபோதுதான், 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் நடந்த சம்பவத்தில் ஒரு கூலித் தொழிலாளியும் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் உயிரிழந்தார்கள். ஏற்கனவே மனு கொடுத்துப் பார்த்த குடும்பம் அது.

சட்டம் மிரட்டுபவனின் கையைப் பிடிக்கும். மிரட்டல் நின்ற மறுநாள் காலையிலும் கடன் அப்படியேதான் இருக்கும். மொத்தம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு, எதை முதலில் அடைப்பது, எதைக் குறைத்துக் கேட்கலாம், எதைக் கட்டவே வேண்டாம் என்று அந்த வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நம் ஊரில் யார்?

மும்பையில் ஒருவர் இருந்தார்

இந்தியாவில் இதை ஒரு வேலையாகவே எடுத்துச் செய்தவர்களில் முக்கியமானவர் வி.என். குல்கர்னி. வங்கித் துறையிலிருந்து வந்தவர். 2006இல் பேங்க் ஆஃப் இந்தியா மும்பையில் 'அபய்' என்ற கடன் ஆலோசனை மையத்தைத் தொடங்கியபோது அதன் தலைமை ஆலோசகரானார். அபய் என்றால் அச்சமின்மை. கிரெடிட் கார்டுகளும் தனிநபர் கடன்களும் மும்பையின் நடுத்தர வர்க்கத்தை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. எந்த வங்கியில் கடன் வாங்கியவரானாலும் வரலாம், கட்டணம் கிடையாது. பின்னாளில் சுசேதா தலாலும் தேபாஷிஸ் பாசுவும் 2010இல் தொடங்கிய மணிலைஃப் அறக்கட்டளையின் இலவசக் கடன் உதவிச் சேவையிலும் அவர் ஆலோசகராகத் தொடர்ந்தார்.

இந்த வேலையை நம்மில் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கடன் ஆலோசகர் பணம் கொடுப்பவரல்ல. கடனாளி கொண்டுவரும் காகிதங்களை எல்லாம் மேஜையில் பரப்பி, ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் தவிர்க்க முடியாத செலவு, மூன்றாவது பக்கம் கடன்கள் என்று எழுத வைப்பவர். மீதி எவ்வளவு என்று பார்த்து, அந்த மீதிக்குள் அடங்கும் ஒரு திட்டத்தோடு கடன் கொடுத்தவரிடம் கடிதம் எழுத உதவுபவர். கேட்க எளிதாகத் தெரியும். ஆனால் தன் மொத்தக் கடன் எவ்வளவு என்பதை மனைவியிடம்கூடச் சொல்லாத ஒருவனை முழுத் தொகையையும் ஒரே காகிதத்தில் எழுத வைப்பது கடினம். சிகிச்சையில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

2009 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி இந்த யோசனையைப் பெரிதாக்கி, நிதிக் கல்வி மற்றும் கடன் ஆலோசனை மையங்களுக்கு ஒரு மாதிரித் திட்டம் கொடுத்தது. ஆலோசனை இலவசமாக இருக்க வேண்டும், மையம் வங்கியிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்றது. 2012 ஜூனில் புதிய வழிகாட்டுதல் வந்தபோது பெயரிலிருந்து 'கடன் ஆலோசனை' போய்விட்டது. நிதிக் கல்வி மையம் என்று மட்டும் ஆனது. கணக்குத் தொடங்குங்கள், சேமியுங்கள், காப்பீடு எடுங்கள் என்று சொல்லும் முகாம்கள் நடக்கின்றன. கோவை மாவட்டத்துக்கு முன்னோடி வங்கி கனரா வங்கி. வங்கிகள் நடத்தும் இந்த மையங்களில் நல்ல ஊழியர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மீட்டர் வட்டியில் சிக்கியவர் அங்கே போய் நிற்கலாம் என்று நம் தெருவில் யாருக்காவது தெரியுமா?

வெளிநாட்டில் இருக்கும் நம் சொந்தங்களுக்கு இது புதிதாக இருக்காது. மலேசியாவில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்ற முகமை இலவசமாகக் கடன் மேலாண்மைத் திட்டம் போட்டுத் தருகிறது. சிங்கப்பூரில் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற தொண்டமைப்பு இருக்கிறது. பிரிட்டனில் மால்கம் ஹர்ல்ஸ்டன் 1993இல் தொடங்கியது இன்று ஸ்டெப்சேஞ்ச் என்ற பெரிய தொண்டு நிறுவனம். அங்கே கடன் கொடுத்த நிறுவனங்களே அதன் செலவில் பங்கு போடுகின்றன. கடனாளி ஓடிப்போவதைவிட முறையாகக் கட்டுவது அவர்களுக்கும் லாபம்தானே.

'பதினஞ்சு ரூவாதானே வட்டி?'

கணக்குப் போட ஆள் வேண்டும் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. தண்டலில் 10,000 ரூபாய் என்று பேசி, 1,500ஐப் பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வாங்குபவர் மனதில் இருக்கும் எண் நூற்றுக்குப் பதினைந்து. வங்கியும்தான் பதினைந்து கேட்கிறது, என்ன பெரிய வித்தியாசம் என்று நினைப்பார்.

வங்கியின் பதினைந்து ஒரு வருடத்துக்கு. இது 100 நாளுக்கு. அதுவும் முழுப் பணமும் அவர் கையில் 100 நாள் இருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார், ஐம்பதாவது நாளில் பாதிதான் மிச்சம். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு நாளைக்கு நூற்றுக்கு 33 பைசா அளவில் வரும், ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம். 'பத்து வட்டி' என்று சொன்னால் உக்கடம் மார்க்கெட்டில் யாரும் கையெடுத்துக் கும்பிட்டு விலகிவிடுவார்கள். தண்டல் என்றால் வாங்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான். பெயரும் கட்டும் விதமும்தான் வேறு.

இந்தக் கணக்கை ஒரு முறை காகிதத்தில் பார்த்தவர், அடுத்த தண்டலுக்குப் பதில் வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு கம்மலை விற்பதே மேல் என்று முடிவெடுக்கக்கூடும். வட்டி ஹராம் என்று பயானில் நூறு முறை கேட்டும் விடாதவர்கள் உண்டு. அந்த ஹராம் தன் வீட்டில் என்ன தின்கிறது என்பதை ரூபாயில் அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை.

ஐ.பி. என்னும் மஞ்சள் நோட்டீஸ்

கொங்கு மண்டலத்தில் 'ஐ.பி. போட்டுட்டான்', 'மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டான்' என்பது கிட்டத்தட்ட வசைச் சொல். காரணம் இருக்கிறது. சொத்தை மனைவி பெயருக்கும் மச்சான் பெயருக்கும் மாற்றி எழுதிவிட்டு, நூல்காரனுக்கும் சாயப்பட்டறைக்காரனுக்கும் நோட்டீஸ் அனுப்பிய ஆட்களை ஈரோட்டிலும் திருப்பூரிலும் வியாபாரிகள் பார்த்திருக்கிறார்கள். அதனால் உண்மையிலேயே நொடித்தவன்கூட அந்த வழியை நினைத்துப் பார்க்கக் கூசுகிறான். ஊரை விட்டுப் போகிறான், அல்லது அதைவிட மோசமானதைச் செய்கிறான்.

அந்தச் சட்டத்தில் என்னதான் இருக்கிறது? சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம். கோவை உள்ளிட்ட மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான் இன்றும் சாதாரண மனிதனுக்கு. கடனைக் கட்ட முடியாதவர், கடன் 500 ரூபாய்க்கு மேலிருந்தாலே மனுப் போடலாம். அந்த 500 என்ற எண்ணே சட்டத்தின் வயதைச் சொல்லும். நீதிமன்றம் ஏற்று நொடித்தவர் என்று அறிவித்தால், அவருடைய சொத்து நீதிமன்றத்தின் பொறுப்புக்குப் போகும், கடன்காரர்களுக்குப் பங்கிடப்படும். மனுப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் நேர்மையின்றி மாற்றி எழுதிய சொத்தை நீதிமன்றம் திரும்ப எடுக்கலாம். மச்சான் பெயர் காப்பாற்றாது.

நம் ஆட்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் அடுத்தது. நொடித்தவர் என்று அறிவித்ததோடு கடன் முடிந்துவிடாது. நீதிமன்றம் குறிக்கும் காலத்துக்குள் விடுவிப்பு கேட்டுத் தனியாக மனுப் போட வேண்டும். போடாவிட்டால் அறிவிப்பே ரத்தாகும், கடன்கள் மறுபடி உயிர்பெறும். வக்கீலுக்கு ஒரு முறை ஃபீஸ் கொடுத்ததோடு விட்டுவிட்டவர்கள் இப்படித்தான் மாட்டுகிறார்கள். நகையோ வீடோ அடமானத்தில் இருந்தால் அந்த அடமானத்தின் மீதான உரிமையை இந்தச் சட்டம் தொடாது. கடனாளி விடுபட்டாலும் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் விடுபடமாட்டார். தாய்மாமன் கேட்டார், மாப்பிள்ளை கேட்டார் என்று கையெழுத்துப் போடும் நம் குடும்பங்களில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

2016இல் நாடாளுமன்றம் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தது. பெரிய கம்பெனிகள் சம்பந்தமாகப் பத்திரிகையில் படிக்கிறோமே, அந்தச் சட்டம்தான். அதன் மூன்றாம் பகுதி தனிமனிதர்களுக்கானது. அதில் 'புதிய தொடக்கம்' என்று ஒரு அருமையான ஏற்பாடு இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000க்குள், கடன் 35,000க்குள், சொந்த வீடு இல்லை என்றால், அந்தச் சிறு கடனிலிருந்து முழுமையாக விடுதலை கேட்கலாம். வரம்புகள் மிகக் குறைவுதான், ஆனாலும் பரம ஏழைக்கு ஒரு கதவு. அந்தக் கதவு இன்னும் திறக்கப்படவில்லை. மூன்றாம் பகுதியில் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்தவர்கள் சம்பந்தப்பட்ட பாகம் மட்டுமே. அது வங்கிகளுக்குத் தேவைப்பட்டது, வந்தது. பீளமேட்டில் பம்ப் செட் கம்பெனி நடத்தி, தன் பெயரிலேயே உத்தரவாதக் கையெழுத்துப் போட்ட முதலாளிக்குப் புதிய சட்டம், அவரிடம் வேலை பார்த்து வேலையிழந்த ஆளுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம். நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று என்பது என் கருத்து.

பழம் வாங்கி நொடித்தவர்

திவால் என்பதை நாம் வெட்கக்கேடாக மட்டும் பார்க்கிறோம். மார்க்கம் அப்படிப் பார்க்கவில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் ஒரு சம்பவம் உண்டு. பழங்களை வாங்கிய ஒருவர் நஷ்டமடைந்து கடன் பெருகி நின்றார். நபி (ஸல்) அவர்கள் அவருக்குத் தர்மம் செய்யுமாறு மக்களிடம் சொன்னார்கள். மக்கள் கொடுத்தார்கள், கடனை அடைக்க அது போதவில்லை. பிறகு கடன் கொடுத்தவர்களிடம், இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இதில் நடந்திருப்பவற்றைக் கவனியுங்கள். கடன் எவ்வளவு என்பது வெளியே சொல்லப்பட்டது. சமூகம் தன்னால் முடிந்ததைப் போட்டது. கையில் இருந்தது கடன்காரர்களுக்குப் போனது. மீதிக்காக அவரை யாரும் துரத்தக் கூடாது என்று பொறுப்பில் இருந்தவர் முடிவு சொன்னார். அபய் மையமும் ஐ.பி. சட்டமும் செய்ய முயல்வது இவற்றைத்தான். கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம். ஜகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் கடனாளிகளும் உண்டு என்கிறது அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம்.

எட்டில் ஒரு பிரிவு. நம் ஜமாஅத்களின் ஜகாத் கணக்கில் அந்தப் பிரிவுக்கு எத்தனை ரூபாய் போகிறது என்று ரமலான் முடிந்ததும் யாராவது கேட்டுப் பாருங்கள். அரிசி, துணி, படிப்பு, மருத்துவம், கல்யாணம் எல்லாம் இருக்கும். கடனாளி மட்டும் இருக்கமாட்டார், அல்லது கடைசி வரியில் இருப்பார். நிர்வாகிகள் தரப்பிலும் நியாயம் உண்டு. கந்துவட்டிக்காரனுக்கு ஜகாத் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதா என்று கேட்கிறார்கள். இன்று அடைத்தால் நாளை மறுபடி வாங்கமாட்டான் என்பதற்கு என்ன உறுதி என்கிறார்கள். பைத்துல்மால் மூலம் வட்டியில்லாக் கடன் கொடுத்த இடங்களில், அந்தப் பணம் அன்று மாலையே தண்டல்காரர் கைக்குப் போன அனுபவமும் உண்டு.

இந்தக் கேள்விகளுக்கு ஆலோசகர்தான் பதில். முதலில் முழுக் கணக்கு. பிறகு கடன் கொடுத்தவரோடு பேச்சு: வாங்கியது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, மிச்சம் அசல் எவ்வளவு. 1938இல் ராஜாஜி ஆட்சியில் வந்த சென்னை மாகாண விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம்கூட, அசலைப் போல இரண்டு மடங்கு கட்டி முடித்தவரின் கடனைத் தீர்ந்ததாகக் கருதியது. அதீத வட்டி வாங்கியவர் 2003 சட்டத்தின்படி குற்றவாளி என்பது அவருக்கும் தெரியும். ஊர்ப் பெரியவரும் ஒரு வக்கீலும் எதிரே உட்கார்ந்தால் பேச்சின் தொனியே மாறும். அசல் பாக்கி என்று முடிவான தொகையை, உலமாக்களின் வழிகாட்டுதலோடு, நேராகக் கடன்காரருக்குக் கொடுத்து, கையெழுத்திட்ட வெற்று செக்கையும் புரோநோட்டையும் கையோடு திரும்ப வாங்க வேண்டும். அந்த செக்கை விட்டுவந்தால் பிறகு காசோலை மோசடி வழக்காகத் திரும்பி வரும்.

இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், ஒரு இளம் வக்கீல், கணக்குத் தெரிந்த ஒருவர், அவசியம் ஒரு பெண். வாரம் இரண்டு மணி நேரம். பெண் என்று வற்புறுத்துவதற்குக் காரணம், குழுக்கடன் பெரும்பாலும் பெண்கள் பெயரில்தான் இருக்கிறது, பள்ளிவாசல் அலுவலகத்தில் ஐந்து ஆண்களுக்கு முன்னால் எந்தச் சகோதரியும் வாய் திறக்கமாட்டாள். 'வட்டிக்கு ஏன்மா வாங்கினே?' என்ற கேள்வியை முதல் நாளில் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் இரண்டாவது நாள் வரமாட்டாள். விஷயம் வெளியே போகக் கூடாது, ஊருக்குள் பேச்சாகிவிட்டால் அவள் மகளின் நிக்காஹ் பேச்சு நின்றுபோகும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

அதுவரை, வீட்டில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை சில. வருட வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் தரும் மைக்ரோ கடனில், எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி. இந்தக் கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் தொல்லைப்படுத்தக் கூடாது. கடன் ஆப் உங்கள் ஃபோனிலுள்ள எண்களையோ புகைப்படங்களையோ எடுக்க அனுமதி இல்லை, எடுத்தால் அது சட்டவிரோத ஆப். நிறுவனம் புகாருக்கு 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்குக் கோவை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்கும் அழைக்கலாம். பண டிக்ரிக்காக ஒரு பெண்ணைக் கைது செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. கட்ட வழியில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஆணையும் சிறையில் தள்ள முடியாது என்று 1980லேயே உச்ச நீதிமன்றம் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லிவிட்டது, தீர்ப்பு எழுதியவர் நீதிபதி கிருஷ்ணய்யர். 'போலீஸ் வந்து கூட்டிட்டுப் போயிரும்' என்று வாசலில் நின்று கத்துபவரிடம் இதைச் சொல்லத் தெரிய வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 'உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம்' என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்யும் தனியார் கம்பெனிகள் முளைத்திருக்கின்றன. மாதா மாதம் கட்டணம் வாங்கிக்கொண்டு, தவணையை நிறுத்தச் சொல்வார்கள். வட்டியும் அபராதமும் ஏறிக்கொண்டே போகும். ஒருவேளை பேரம் படிந்தாலும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகும், அடுத்து வங்கியில் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். வேறு வழியே இல்லாதபோது செட்டில்மென்ட் தவறில்லை. ஆனால் அதை வங்கியோடு நேரிலோ லோக் அதாலத்திலோ பேசிக்கொள்ளலாம், இடையில் ஆளுக்குக் காசு தேவையில்லை.

கடைசியாக ஒன்று. கடன் தொல்லையில் உயிரை விடும் எண்ணம் வந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், கணக்கெல்லாம் பிறகு. அவரைத் தனியே விடாதீர்கள். 104க்கோ 14416க்கோ அழையுங்கள், இலவசம், தமிழில் பேசலாம். மறுநாள் காலை அவரோடு உட்கார்ந்து, ஒரு நோட்டை எடுத்து, முதல் கடனின் பெயரை எழுதுங்கள்.